எலியிடம் என்ன கேட்டார்கள்?

“எலிக்கு ஒத்துக்கிட்டா மனுசனுக்கும் ஒத்துக்கும்னு எந்தத் தைரியத்துல சொல்றாங்க?”

பெரியப்பா கேட்டது இந்த ஒரு கேள்விதான். சிறுவாச்சூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய டீக்கடை. அன்று திங்கள்கிழமை. மதுரகாளியம்மன் சந்நிதி திங்களிலும் வெள்ளியிலும்தான் திறக்கும் என்பதால் கடையில் கூட்டம். பெஞ்சில் இடம் கிடைத்ததே பெரிது. அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கு ஹீமோஃபீலியா. பள்ளியில் ஓடி விளையாடிவிட்டு வந்தால் ராத்திரி முழங்கால் வீங்கிச் சூடேறும். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஃபேக்டர் ஊசி போட்டால்தான் மெல்ல வடியும். ஏழாம் வகுப்பு படிக்கிற பையன். ஒரு காலை மற்றக் காலைப் போல நீட்ட முடியவில்லை.

அவருடைய கைப்பேசிக்கு யாரோ இரண்டு செய்திகளை அனுப்பியிருந்தார்கள். ஒன்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோஃபீலியாவுக்கு ஸ்டெம் செல் மூலம் மரபணு சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது. மற்றொன்று விளம்பரம்: சர்க்கரை, மூட்டுவலி, பக்கவாதம், ரத்த நோய், எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல், சில லட்சம் ரூபாய், முன்பதிவுக்கு அழைக்கவும். இரண்டிலும் ஸ்டெம் செல் என்ற சொல் இருந்தது. இரண்டிலும் எலியில் நிரூபிக்கப்பட்டது என்று இருந்தது. அவர் நிலத்தை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் கேள்விக்கு என் பதில் இதுதான்: உண்மையான விஞ்ஞானி யாரும் அப்படிச் சொல்வதில்லை. எலியிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்பார்கள். அது எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, எதற்குச் சொல்லவில்லை என்று குறித்து வைப்பதுதான் ஆராய்ச்சி. வேலூர்ச் செய்திக்கும் அந்த விளம்பரத்துக்கும் உள்ள தூரம் முழுவதும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்னொரு டீ சொன்னோம்.

முதலில் நோய். ரத்தம் உறைய ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் புரதங்கள் பல உண்டு. அவற்றில் எட்டாவது காரணி (ஃபேக்டர்) குறைந்தாலோ இல்லாவிட்டாலோ ஹீமோஃபீலியா ஏ. பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் தாய் தாங்கிச் செல்கிறாள், மகனுக்கு நோயாக வெளிப்படுகிறது. “எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே” என்றார் பெரியப்பா. மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் அப்படித்தான். புதிதாக ஏற்பட்ட மாற்றமாக வந்துவிடும். மகள்மேல் பழி சொல்ல ஏதுமில்லை. இதை நான் இரண்டு முறை சொன்னேன், ஏனென்றால் அந்த வீட்டில் அந்தப் பேச்சு ஓடியிருக்கிறது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்து ஸ்டெம் செல். நம் ரத்த அணுக்கள் நெடுநாள் வாழ்வதில்லை. சிவப்பணு சுமார் 120 நாள், சில வெள்ளையணுக்களுக்கு ஓரிரு நாள்கூட இல்லை. ஆனால் ரத்தம் தீர்ந்துபோவதில்லை. காரணம் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் மூலச்செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரரிடம் இதைச் சொல்வது எளிது. சின்ன வெங்காயம் அறுவடையானதும் விற்பதை விற்றுவிட்டு, நல்லதாகப் பார்த்து ஒரு பங்கைப் பட்டறையில் விதைக்கென்று நிறுத்துவார்கள். உடலில் ஓடும் ரத்தம் விற்பனைக்குப் போன வெங்காயம். மூலச்செல் அந்த விதைவெங்காயம். விதையில் ஒரு மாற்றம் செய்தால் அடுத்தடுத்த போகம் எல்லாவற்றிலும் அந்த மாற்றம் வரும்.

அப்படி ஒரு செல் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததே எலிதான். 1961-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லாக் என்ற இருவர் கதிர்வீச்சால் எலிகளின் மஜ்ஜையை அழித்தார்கள். பிறகு வேறு எலியின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்து மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள். எத்தனை செல் செலுத்தினார்களோ அதற்கேற்ற விகிதத்தில் முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளம்பிய குடும்பம் என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் உறுதியாயிற்று. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் இன்று செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைகளுக்கு அறிவியல் அடித்தளம் தந்த சோதனைகளில் அது ஒன்று. வேலூர் சி.எம்.சி. 1986 முதலே மஜ்ஜை மாற்று செய்துவருகிறது. மூலச்செல்லை எடுப்பது, காப்பது, திருப்பிச் செலுத்துவது அங்கே புதுப் பழக்கமில்லை. இது முக்கியம்.

“சரி, எலிக்கு எப்படிப் பேரன் நோய் வந்துச்சு?”

வரவில்லை, வரவைத்தார்கள். நம் மக்காச்சோளக் காட்டில் கதிர் கடிக்கும் எலி அல்ல அது. இருபது முப்பது கிராம் எடையுள்ள சுண்டெலி. சினை இருபது நாள்தான். குட்டி ஆறு எட்டு வாரத்தில் தானே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். நம்மிடம் உள்ள மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதனிடமும் இணை உண்டு. 1981-இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் சுண்டெலிக் கருவிலிருந்து, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய கரு மூலச்செல்லைத் தனியே வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவில் மரியோ கப்பேக்கியும் ஆலிவர் ஸ்மித்திஸும் செல்லுக்குள் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் தேடிப்பிடித்து மாற்றும் வழியைத் தனித்தனியே கண்டார்கள். இரண்டும் சேர்ந்தன. கரு மூலச்செல்லில் ஒரு மரபணுவை உடைத்து, அதை இன்னொரு எலிக் கருவுக்குள் வைத்து, வாடகைத் தாயின் கருப்பையில் வளர்த்தால், இரண்டு வகைச் செல்லும் கலந்த குட்டி பிறக்கிறது. இரண்டு நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும் அதன் மேல்முடியே அடையாளம். அதை மேலும் இணைசேர்த்தால், அந்த மரபணு முழுவதும் உடைந்த எலி கிடைக்கும். இந்த மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. கப்பேக்கி 1980-இல் இந்த வேலைக்கு நிதி கேட்டபோது, இது நடக்காத காரியம், விட்டுவிடுங்கள் என்று அமெரிக்க அரசின் மதிப்பீட்டாளர்கள் எழுதினார்கள். அவர் விடவில்லை. நான் மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் பாடத்தைத் தாண்டுவதில்லை.

1995-இல் ஹேக் கசாசியனின் குழு எட்டாம் காரணி மரபணுவை உடைத்த எலிகளை உருவாக்கியது. அந்த எலியின் ரத்தத்தில் காரணி நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வால் நுனியை வெட்டினால் ரத்தம் நிற்பதில்லை. அதற்குப் பின் உலகில் சோதிக்கப்பட்ட ஹீமோஃபீலியா சிகிச்சைகளில் பல இந்த எலியிடம் வந்து போனவைதான்.

ஆனால் இங்கேதான் பெரியப்பாவை நிறுத்திக் கேட்கச் சொன்னேன். அந்த எலிக்குப் பேரனைப் போல முழங்கால் தானாக வீங்குவதில்லை. காயப்படுத்தினால்தான் மூட்டில் ரத்தம் கசியும். நான்கு காலில் நடக்கிற, கையளவுகூட இல்லாத உடம்பு. மூட்டு தாங்கும் சுமை வேறு. ஆகவே காரணி உண்டாகிறதா, ரத்தம் உறைகிறதா என்று அந்த எலியிடம் கேட்கலாம். பதில் வரும். பையன் இனி ஓடி விளையாடலாமா என்று அதனிடம் கேட்க முடியாது.

வேலூர் வேலைக்கு வருகிறேன். சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் மூலச்செல் ஆய்வு மையம் இருக்கிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடப்பது. அங்கே டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழுவும், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் ட்ரெண்ட் ஸ்பென்சர், கிறிஸ்டோபர் டோரிங் குழுவும் சேர்ந்தன. எட்டாம் காரணியின் தொல்லை, செல் அதைக் கஞ்சத்தனமாகச் சுரப்பது. மனிதக் காரணியில் சில பகுதிகளைப் பன்றியின் காரணிப் பகுதிகளாக மாற்றினால் சுரப்பு பல மடங்கு கூடுகிறது என்று எமரியில் கண்டிருந்தார்கள். அந்தக் கலப்பு மரபணுவை மூலச்செல்லுக்குள் கொண்டுசேர்க்க லென்டிவைரஸ். எச்.ஐ.வி. இனத்து வைரஸிலிருந்து நோய் தரும் பகுதிகளையும் பெருகும் திறனையும் நீக்கிவிட்டுச் செய்தது.

எச்.ஐ.வி. என்றதும் பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். நியாயமான பயம். அதன் ஒரே ஒரு திறமையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்: செல்லின் டி.என்.ஏ.க்குள் தன் சரக்கை நிரந்தரமாகச் சேர்த்துவிடும் திறமை. பெருகாது, தொற்றாது. புதிய மரபணு கண்ட கண்ட செல்லில் வேலை செய்யாமல், மூலச்செல்லிலிருந்து வரும் ஒரு வகை வெள்ளையணுவில் மட்டும் விழிக்கும்படியும் அமைத்தார்கள்.

இதை ஹீமோஃபீலியா எலியில் சோதித்தார்கள். எலியின் சொந்த மூலச்செல்லைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தால் காரணி வருகிறதா? வந்தது. ஆனால் எலிச்செல் எலிச்செல்தானே? மனித மூலச்செல் இந்தத் திருத்தத்தைத் தாங்கிப் பிழைத்து மஜ்ஜையில் குடியேறுமா என்று பார்க்க வேறோர் எலி இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி அறவே இல்லாதபடி வளர்க்கப்பட்டது. மனிதச் செல்லைச் செலுத்தினால் அந்நியம் என்று விரட்டாது. சில மாதம் கழித்து அதன் மஜ்ஜையில் மனித ரத்தச் செல்கள் பெருகியிருப்பதைக் காணலாம். முதல் முறை இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது: சுண்டெலியின் எலும்புக்குள் மனித ரத்தம் ஊறுகிறது. இந்த எலியும் தன் பதிலைச் சொல்லும். ஆனால் அது கிருமியில்லாத கூண்டில் வாழ்கிறது. எதிர்ப்புச் சக்தி உள்ள மனித உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதனால் சொல்ல முடியாது.

எந்த எலியும் சொல்லாத இன்னொன்று உண்டு. காலம். சுண்டெலியின் ஆயுள் இரண்டு ஆண்டு, சற்றுக் கூடலாம். பாரிஸில் 1999 முதல் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கு இதே வழியில், பழைய வகை வைரஸ் கொண்டு மரபணு சிகிச்சை செய்தார்கள். குழந்தைகள் தேறி வீட்டுக்குப் போனார்கள். உலகமே கொண்டாடியது. 2002 முதல் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது: நான்கு குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஒரு குழந்தை இறந்துபோனது. வைரஸ் போய் உட்கார்ந்த இடம், புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஒரு மரபணுவுக்கு அருகில். முன்னால் செய்த எலிச் சோதனைகள் அப்படியோர் எச்சரிக்கை தரவில்லை. அதன் பின்தான் பக்கத்து மரபணுவைத் தூண்டாதபடி திருத்திய லென்டிவைரஸ் முறைகள் முன்னுக்கு வந்தன. அவற்றிலும் ஆபத்து முற்றிலும் தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன். மூளையைப் பாதிக்கும் வேறொரு மரபு நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-இல் அறிவித்தார்கள். அதில் பயன்பட்ட அமைப்பு வேறு, தூண்டும் வலிமை அதிகம். இருந்தாலும் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான்.

வேலூர் ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தே பேர். 22 முதல் 41 வயது வரையான ஆண்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. ஊசி போட்டு மூலச்செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்கிறார்கள். இயந்திரத்தில் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வகத்தில் வைரஸோடு சேர்க்கிறார்கள். பிறகு கடுமையான மருந்தால் பழைய மஜ்ஜையை அழித்து, திருத்திய செல்களை ரத்தக்குழாய் வழியே திருப்பித் தருகிறார்கள். சொல்ல நான்கு வரி. படுபவருக்கு வெள்ளையணு அற்றுப்போய், காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாகக் கழிகிற நாள்கள் அவை.

பலன் என்ன? நோயற்றவருக்குக் காரணி அளவு ஐம்பதிலிருந்து நூற்றைம்பது சதவீதம் வரை இருக்கும். கடும் நோயாளிக்கு ஒன்றுக்கும் கீழ். முதல் இருவருக்கு நடு அளவு 5.2, 1.7 என்று வந்தது. அடுத்த மூவருக்கு, வைரஸ் செல்லுக்குள் நுழைவதைக் கூட்டும் ஒரு பொருளையும் சேர்த்தார்கள்: 37.1, 19.3, 39.9. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அதில் ரத்தக்கசிவு ஒருமுறைகூட இல்லை. 1.7 இருந்தவருக்கும் இல்லை.

பெரியப்பாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் இந்த எண்களைச் சொல்லும்போது குரல் நிலையாக நிற்பதில்லை. மாதத்துக்கு இரண்டு முறை மூட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையைப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பூஜ்யத்தின் எடை தெரியும். அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற வேறொரு ஹீமோஃபீலியா மரபணு மருந்தின் அன்றைய விலை 29 லட்சம் டாலர். அது கல்லீரலுக்குப் போவது. ஆண்டுகள் செல்லச்செல்லக் காரணி அளவு இறங்குகிறது. கல்லீரல் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. மூலச்செல்லில் செய்தது நிலைக்க வாய்ப்பு அதிகம், ஒருநாள் பிள்ளைகளுக்கும் ஆகலாம் என்பதுதான் வேலூர் வழியின் மேலுள்ள நம்பிக்கை. நம் நாட்டில், நம் அரசு மருத்துவமனையில் கட்டுப்படியாகிற செலவில் இது வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் ஐந்து பேர் ஐந்து பேர்தான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “அத்தன எலியும் என்னாகும் தம்பி? பாவமில்லையா?”

பெரும்பாலானவை சோதனை முடிந்ததும் கொல்லப்படுகின்றன. மழுப்ப விரும்பவில்லை. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் விலங்கு நெறிக்குழு இருக்க வேண்டும். எத்தனை எலி, ஏன் எலி, வலியை எப்படிக் குறைப்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். எலியில்லாமல் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலேயே பதில் கிடைக்குமானால் எலியைத் தொடக் கூடாது. இவ்வளவும் சொன்ன பிறகும் அக்காவின் கேள்வி முழுதாகத் தீராது, தீரவும் வேண்டாம். எலியிடம் கேட்கத் தேவையில்லாததைக் கேட்பதும், அது சொன்ன பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடப்பதும்தான் எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது.

அந்த விளம்பரம் செய்வது இதைத்தான். எந்த எலி, எந்த நோய், என்ன கேட்டார்கள், அதற்குப் பின் எத்தனை மனிதர்கள், எத்தனை மாதம், எங்கே வெளியிட்டார்கள்? எதுவும் அதில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, சில ரத்த நோய்களுக்கும் அவற்றைப் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கும் செய்யும் மஜ்ஜை, ரத்த மூலச்செல் மாற்றைத் தவிர வேறெதுவும் நிலைபெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை ஆகாது. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வென்றால் தேசியப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும். யாரும் இணையத்தில் பார்க்கலாம். தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் தந்து, படித்துக் காட்டி, யோசிக்க நேரம் தருவார்கள். சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். லட்சங்களை முன்பணமாகக் கேட்கிற இடத்தில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

“அப்ப வேலூருக்குப் போகலாமா, வேணாமா?”

போகலாம். மரபணு சிகிச்சைக்கு அல்ல. அது இப்போது பெரியவர்களிடம் மட்டும் செய்து பார்த்த ஆய்வு, பையன் அதில் சேர முடியாது. மஜ்ஜையை அழிக்கும் மருந்து பிற்காலத்தில் குழந்தைப்பேற்றையும் பாதிக்கக்கூடும் என்பதால் சிறுவர்களிடம் அவசரப்படவும் கூடாது. வேலூரிலோ, திருச்சியில் ரத்த நோய் பார்க்கும் மருத்துவரிடமோ காட்ட வேண்டியது அந்த முழங்காலை. வீங்கிய பிறகு ஊசி போடுவதை விட, வீங்காமலிருக்க முறைப்படி முன்கூட்டியே ஃபேக்டர் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். இயன்முறை மருத்துவரைப் பார்த்து அந்தக் காலை நீட்டும் பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டும். எந்தச் சிகிச்சை பின்னால் வந்தாலும் தேய்ந்துபோன மூட்டை அது திருப்பித் தராது. ஆஸ்பிரின் மாத்திரை கூடாது, தசையில் ஊசி கூடாது என்று பள்ளியில் எழுதிக்கொடுங்கள்.

பேரனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், சின்ன மகளுக்கும் கல்யாணம் பேசுகிறார்கள் என்றார். இருவருக்கும் அவர்கள் தாங்கிச் செல்பவர்களா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். பையனின் மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று முதலில் பார்த்துவிட்டால் வீட்டுப் பெண்களுக்குப் பார்ப்பது சுலபம். சின்ன மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். அது கல்யாணத்தைத் தடுக்க அல்ல, பிரசவத்தின்போது மருத்துவர் தயாராக இருக்க. தங்கைக்குப் பல் பிடுங்குவது, அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது வருவதற்கு முன் அவளுடைய காரணி அளவை மட்டும் இப்போதே பார்க்கலாம். மரபணுச் சோதனையை அவள் வளர்ந்து தானே முடிவெடுக்க விடலாம். பெரியப்பா பையிலிருந்து பேரனின் சிகிச்சைப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.